ஹவி மீக்கர்: ஆட்டக்காரரா பெரிய ஆளா, டிவியிலயா?

பனிக்கட்டி_பாலா:
யூட்யூப்ல பழைய ஹாக்கி நைட் இன் கனடா (கனடா டிவியோட ஐஸ் ஹாக்கி நிகழ்ச்சி) கிளிப்பா பாத்துட்டு இருக்கேன், அதுல ஒருத்தரு ஒட்ட வெட்டுன முடி, கீச்சுனு குரல், இன்டர்மிஷன்ல ரீப்ளே ஓடும்போது திடீர்னு "ஸ்டாப் இட் ரைட் தேர்! பேக் இட் அப்!"னு கத்துறாரு, நம்மளத் திட்டுறாரோன்னு ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டுச்சு. கீழ கமெண்ட்ல பாத்தா ஹவி மீக்கர்ங்குறாங்க, ஐஸ் ஹாக்கியோட பெரிய கோப்பை ஸ்டான்லி கப்ப நாலு தடவ ஜெயிச்சவரு, எம்பியா இருந்தவரு, டொராண்டோ லீஃப்ஸ் டீமுக்கு கோச்சா இருந்தவருன்னு ஆளாளுக்கு ஒண்ணு எழுதிருக்காங்க. எல்லாம் ஒரே ஆளா? தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

லீஃப்ஸ்_வெறியன்:
ஒரே ஆளுதான் பாலா. 1923 நவம்பர்ல ஒண்டாரியோ கிச்சனர்ல பொறந்தவரு. ஜூனியர் ஹாக்கி ஆடிட்டு இருந்த வயசுல ரெண்டாம் உலகப்போர், ராணுவத்துக்குப் போயிட்டாரு. சண்டைல கூட இல்ல, இங்கிலாந்துல டிரெயினிங்ல கையெறி குண்டு ஒண்ணு இவரு காலுகிட்டயே வெடிச்சிருச்சு. அதோட ஹாக்கி முடிஞ்சுதுன்னுதான் எல்லாரும் நெனச்சிருப்பாங்க. ஆனா மனுஷன் தேறி வந்து 1946-47 சீசன்ல டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ்ல எறங்கி மொத வருஷமே 27 கோல், 18 அசிஸ்ட் (கோலுக்கு பாஸ் குடுத்தது), மொத்தம் 45 பாயிண்ட். புதுமுகத்துக்குக் குடுக்குற கால்டர் டிராஃபி அந்த வருஷம் இவருக்குத்தான்.

1947 ஜனவரி 8, சிகாகோவுக்கு எதிரா ஒரே மேட்ச்ல அஞ்சு கோல். ஒரு ரூக்கி, அதான் புதுமுகம், அஞ்சு கோல் போடுறதுக்கு அடுத்து 1976 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு, நியூயார்க் ரேஞ்சர்ஸோட டான் மர்டாக்தான் போட்டாரு. 2016ல ஆஸ்டன் மேத்யூஸ் மொத மேட்ச்லயே நாலு போட்டப்ப டொராண்டோவே தலைகீழா நின்னுச்சே, அப்பக்கூட மீக்கர தாண்டல.

அப்புறம் கப். 1947, 48, 49, 51னு நாலு. அதுல மொத மூணும் தொடர்ச்சியா, என்எச்எல்ல (வட அமெரிக்காவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) ஒரு டீம் தொடர்ந்து மூணு தடவ ஜெயிச்சதே அதுதான் மொத தடவ. டெட் கென்னடி, விக் லின், இவரு, மூணு பேரும் ஒரே லைன், அதாவது முன்வரிசைல சேந்து எறங்குற மூணு பேரு, பேரோட மொத எழுத்த சேத்து கேஎல்எம் லைன்னு சொல்வாங்க. பின்னாடி சோவியத்ல க்ருடோவ், லரியோனோவ், மகரோவ்னு வந்த கேஎல்எம் லைன்தான் உலகத்துக்குத் தெரியும், ஆனா அந்தப் பேரு டொராண்டோல அதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே இருந்துச்சு 😄

கல்யாணி_கே:
வெறியன், நீங்க லீஃப்ஸ் ஆளுன்றதால கொஞ்சம் பூசி மெழுகுறீங்க. அந்த கால்டர் வருஷத்துல இன்னொரு ரூக்கி யாருன்னு சொல்லவே இல்லயே? கார்டி ஹவ்! 58 மேட்ச்ல 7 கோல்தான், ஒத்துக்கிறேன், ஆனா அப்ப ஹவ்வுக்கு 18 வயசு. மீக்கருக்கு 23. போரால லேட்டா வந்தவரு, அது அவரு தப்பில்ல, இருந்தாலும் 23 வயசு ஆம்பளையும் 18 வயசுப் பையனும் ஒரே போட்டியில நின்னா என்ன ஆகும். அந்தப் பையன் கடைசில 801 கோல் போட்டுட்டுதான் ஓய்ஞ்சாரு, என்எச்எல்ல கடைசியா ஆடுனது 1980ல.

மீக்கர் மொத்தமா 346 மேட்ச், 83 கோல். அந்த 27 மொத சீசன்ல வந்தது, அதுக்கப்புறம் ஒரு சீசன்ல கூட 20ஐத் தொடல, அதிகபட்சம் 1949-50ல 18. நல்ல டீம்ல இருந்த சுமாரான ரைட் விங்கர் (வலது பக்க முன்வரிசை ஆளு), அவ்ளோதான். கால்டர் டிராஃபிய வச்சுக்கிட்டு ஹவ்வ ஜெயிச்சவருன்னு சொல்றதெல்லாம் ஓவர்.

லீஃப்ஸ்_வெறியன்:
ஹவ்வ விட பெரிய பிளேயர்னு நான் எங்க சொன்னேன்? அந்த வருஷத்துக்குக் குடுக்குற பரிசு அந்த வருஷத்த வச்சுத்தானே குடுப்பாங்க. சுமார்னு ஒரே வார்த்தைல முடிக்காதீங்க, அப்ப லீக்ல மொத்தமே ஆறு டீம், ஒவ்வொரு டீம்லயும் எடம் கெடைக்கிறதே பெரிய விஷயம். அதோட முதுகு, கால்னு உடம்பு படுத்தி எடுத்துச்சு. 48-49ல பாதி சீசன் ஆடவே இல்ல.

1951 ஃபைனல மறந்துட்டீங்க. மாண்ட்ரியலோட அஞ்சு மேட்ச், அஞ்சுமே ஓவர்டைம். கடைசி மேட்ச்ல பில் பரில்கோ பாய்ஞ்சு விழுந்துக்கிட்டே அடிச்ச கோல் இருக்கே, கனடாவுல ஹாக்கி பாக்குற வீட்டுல எல்லாம் தெரிஞ்ச போட்டோ, அந்த கோலுக்கு அசிஸ்ட் மீக்கருக்கும் ஹாரி வாட்சனுக்கும். அதே ஆகஸ்ட்ல பரில்கோ மீன் புடிக்கப் போன சின்ன பிளேன் காணாமப் போச்சு. 1962 ஜூன்லதான் கெடச்சுது. நடுவுல பதினோரு வருஷம் லீஃப்ஸ் கப்பே ஜெயிக்கல, 62 ஏப்ரல்ல ஜெயிச்சாங்க, ரெண்டு மாசத்துல அவரு கெடச்சாரு. இத டொராண்டோல யாருகிட்ட சொன்னாலும் ஒரு செகண்ட் அமைதியாயிருவாங்க.

சும்மா_ஒருத்தன்:
எம்பி மேட்டர் என்னாச்சு, அத யாரும் தொடல

லீஃப்ஸ்_வெறியன்:
அதுவும் 1951தான். ஏப்ரல்ல கப், ஜூன்ல எம்பி. வாட்டர்லூ சவுத் தொகுதியில இடைத்தேர்தல், ப்ரோக்ரஸிவ் கன்சர்வேட்டிவ் கட்சி இவர நிறுத்துச்சு, ஜெயிச்சுட்டாரு. வயசு 27. அப்புறம் ரெண்டு வருஷம் ஒட்டாவாவுல நாடாளுமன்றம், டொராண்டோல மேட்ச். 1953 தேர்தல்ல நிக்கவே இல்ல. சபையில என்ன கிழிச்சாருன்னு கேட்டா பெருசா ஒண்ணும் இல்ல, எதிர்க்கட்சில ஒரு பின்வரிசை எம்பி, அவ்ளோதான்.

இவரு ஒருத்தர்தான்னு நெனைக்காதீங்க. ரெட் கெல்லியும் லீஃப்ஸுக்கு ஆடிக்கிட்டே 1962ல இருந்து 65 வரைக்கும் எம்பி, அவரு லிபரல். கென் ட்ரைடன் ஆட்டத்த விட்டு ரொம்ப காலம் கழிச்சு 2004ல எம்பி ஆகி மந்திரியாவும் இருந்தாரு. ட்ரைடன் மந்திரியா செஞ்சத பத்தி தனியா ஒரு இழையே போடலாம், இங்க வேண்டாம்.

கல்யாணி_கே:
கோச்சா இருந்ததையும் சொல்லுங்க. ஹி ஹி.

லீஃப்ஸ்_வெறியன்:
தெரியும் அங்கதான் வருவீங்கன்னு. பிட்ஸ்பர்க் ஹார்னெட்ஸ்னு ஏஎச்எல் (என்எச்எல்லுக்கு அடுத்தபடி லீக்) டீம், அங்க கோச்சா இருந்து 1955ல கால்டர் கப் ஜெயிச்சாரு, இது லீக் கோப்பை, ரூக்கிக்குக் குடுக்குற டிராஃபி வேற. அந்தப் பேர வச்சு 1956ல கிங் க்ளான்சி எடத்துல லீஃப்ஸ் கோச். 21 வெற்றி, 34 தோல்வி, 15 டிரா. ஆறு டீம்ல அஞ்சாவது. கப்புக்கான பிளேஆஃப் சுத்துக்கே போகல. அதுக்கு தண்டனையா என்ன பண்ணாங்க தெரியுமா, ஜெனரல் மேனேஜரா பிரமோஷன் குடுத்தாங்க 😂 அடுத்த சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அப்ப லீஃப்ஸ் ஆபீஸ்ல முதலாளி கான் ஸ்மைத் ஒதுங்குறதும் மகன் ஸ்டாஃபோர்ட் ஸ்மைத் உள்ள வர்றதும்னு ஒரே குழப்பம், அந்த நேரத்துல எவன் உக்காந்திருந்தாலும் அடி வாங்கியிருப்பான்.

வடலி:
தம்பிமார், நீங்கள் எல்லாரும் கோல் கணக்கு மட்டும்தான் கதைக்கிறியள். நான் 91இல ரொறன்ரோ வந்தனான், ஐஸ் ஹொக்கி எண்டால் தடியால ஆளுக்காள் அடிபடுற விளையாட்டு எண்டுதான் அப்ப நினைச்சிருந்தன். வேலைக்குப் போட்டு வந்து இரவில ரீவியைப் போட்டால் எப்பவும் அதுதான் போகும், பக், அந்தச் சின்னக் கறுத்த ரப்பர் வட்டு, எங்க போகுது எண்டே கண்ணுக்குப் பிடிபடாது. டிஎஸ்என் சனலில இந்த மனுசன் வருவார், அப்ப அவருக்கு எழுபது வயசு கிட்ட இருக்கும். அவர் பக்கைப் பற்றிக் கதைக்கவே மாட்டார். பக் இல்லாத ஆளைக் காட்டுவார். "இந்தாள் ஏன் இங்க நிக்கிறான், இவன் அங்கையெல்லோ போயிருக்கோணும்" எண்ட மாதிரி. அதுக்குப் பிறகுதான் எனக்கு இந்த விளையாட்டு விளங்கினது. ஆங்கிலம் அரைகுறை எனக்கு, ஆனால் ஸ்க்ரீனில கோடு கீறிக் காட்டினால் ஆருக்கும் விளங்கும்தானே.

பிள்ளையள் பிறகு ரிங்குக்கு, பனித் திடலுக்கு, போகத் தொடங்கினாப் பிறகு நான் கண்ணாடிக்கு இஞ்சால நிண்டு அவையளுக்குப் புத்தி சொல்லுறன் எண்டு மானம் போற அளவுக்குக் கத்தினதெல்லாம் வேற கதை.

பனிக்கட்டி_பாலா:
அண்ணை செம்ம. அந்தக் கோடு போடுற மேட்டர்தான் எனக்கும் கேக்கணும், அத இவருதான் தொடங்குனாரா?

ரீப்ளே_ரவி:
ஸ்க்ரீன் மேலயே கோடு போடுற டெலிஸ்ட்ரேட்டர் பத்திக் கேக்குறீங்க. அந்தக் கருவிய உண்டாக்குனது லெனர்ட் ரைஃபெல்னு ஒரு இயற்பியலாளர், சிகாகோக்காரரு. அமெரிக்காவுல அது பேமஸ் ஆனது 1982 சூப்பர் பவுல்ல (அமெரிக்கன் ஃபுட்பால் ஃபைனல்) சிபிஎஸ் டிவில ஜான் மேடன் கோடு கோடா இழுத்தப்பதான். மீக்கர் அதுக்கு முன்னாடியே ஹாக்கில போட்டுக் காட்டிட்டு இருந்தவரு.

ஆனா எனக்கு கோட்ட விட அந்தக் கத்தல்தான் முக்கியமா படுது. பாலா உங்களத் திட்டல அவரு 🙂 வெளிய நிக்குற டிவி வேன்ல டேப் ஓட்டுறவர்கிட்ட சொல்றாரு. இப்ப மாதிரி கம்ப்யூட்டர்ல கிளிப் வெட்டி வரிசையா ரெடியா இருக்காது. டேப் ஓடும், இவரு ஸ்டூடியோல மானிட்டர பாத்துக்கிட்டே பேசுவாரு, சரியான எடம் வந்ததும் கத்துனாத்தான் ஆபரேட்டர் நிறுத்துவாரு, அர செகண்ட் தாண்டிப் போயிட்டா அதனாலதான் பேக் இட் அப். நேரடி ஒளிபரப்பு, இன்டர்மிஷன்ல கெடைக்கிறது சில நிமிஷம். அந்த அவசரத்துல அப்படித்தான் குரல் ஏறும், கூடவே ஜிமினி கிரிக்கெட், கோலி ஜீன்னு பள்ளிக்கூடப் பையன் மாதிரி வாய்ல வரும், கெட்ட வார்த்தை வராது. மத்தவங்க இன்டர்மிஷன்ல உக்காந்து பிளேயர் கூட ஜோக் அடிச்சிட்டு இருந்த காலத்துல இவரு மட்டும் கோல எப்படி விட்டாங்கன்னு பின்னாடி பின்னாடி போவாரு. கோல் அடிச்சவன விட்டுட்டு, அதுக்கு பத்து செகண்ட் முன்னாடி தன்னோட நெட்டுக்குப் பின்னால பக்க வச்சிருந்த டிஃபென்ஸ்மேன் பதட்டப்பட்டு போர்ட்ஸ் (ரிங்க சுத்தி இருக்குற தடுப்பு) ஓரமா சும்மா அடிச்சு விட்டான் பாருங்க, அங்க நிறுத்துவாரு. "இங்க ஒருத்தன் தனியா நிக்கிறான், பாஸ் குடுத்துருக்கலாம், நீ எதிரிக்கு குடுத்துட்ட"ன்றதுதான் அவரோட பாட்டு. அவருக்கு பக்க வீணா தூக்கிக் குடுக்குறது மகா பாவம்.

அறுபதுகளோட கடைசில ஹாக்கி நைட்டுக்கு வந்தாரு, டிஎஸ்என்ல 1998 வரைக்கும் இருந்தாரு. முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. ஆடுனது எட்டு சீசன்.

சும்மா_ஒருத்தன்:
கோச் வேலை போனது 57ல, டிவிக்கு வந்தது அறுபதுகளோட கடைசில, நடுவுல பத்து வருஷம் என்ன பண்ணாரு?

லீஃப்ஸ்_வெறியன்:
நியூஃபவுண்ட்லாண்ட் போயிட்டாரு. செயின்ட் ஜான்ஸ். கனடாவோட கிழக்கு மூல, அந்த மாகாணமே 1949லதான் கனடாவுல சேந்துச்சு. அங்க பசங்களுக்கு ஹாக்கி சொல்லிக் குடுத்தாரு, டீம் பாத்துக்கிட்டாரு, கேம்ப் நடத்துனாரு. என்எச்எல் கோச்சா இருந்தவரு எட்டு வயசுப் பையனுக்கு ஸ்டிக் புடிக்கச் சொல்லிக் குடுக்குறது எறக்கம்னு தோணலாம், ஆனா என் கணக்குல டிவில அவரு பேசுனது எல்லாம் அங்க கத்துக்கிட்டதுதான். பெரிய பிளேயர்கிட்ட ஒரு விஷயத்த சொன்னா அவன் எப்படியோ செஞ்சுருவான், சின்னப் பையன்கிட்ட சொன்னா ஏன் எதுக்குன்னு நீ பிரிச்சுப் பிரிச்சு சொல்லணும்.

அப்புறம் 1973ல இருந்து 77 வரைக்கும் கனடாவோட சிபிசி டிவில ஹவி மீக்கர்ஸ் ஹாக்கி ஸ்கூல்னு கால் மணி நேர நிகழ்ச்சி. மேட்சும் இல்ல, ஸ்டாரும் இல்ல. ரிங்க், பசங்க, விசில், இவரு. ஸ்கேட்டிங், ஸ்டிக்கால பக்க கொண்டு போறது, பாஸ், ஷாட். நாடு பூரா பசங்க அத பாத்துட்டு பனில எறங்குனாங்க.

கல்யாணி_கே:
இத நான் மறுக்கல. ஆனா எனக்கு ஒரு எரிச்சல் இருக்கு, இவரு எதுக்கெடுத்தாலும் ரஷ்யன் எப்படி பாஸ் பண்றான் பாரு, நம்ம ஆளு ஏன் பண்ணலங்குற ராகம். எங்க அலுவலகத்துல ஒரு வயசான கனடாக்காரர் இருக்காரு, மீக்கர்னா அவருக்கு இன்னும் கோவம் வரும், "எங்கள நாங்களே மட்டம் தட்டிக்கிறதுக்கு ஒரு ஆளு"ம்பாரு. 1972ல கனடாவும் சோவியத்தும் மோதுன சம்மிட் சீரீஸ்ல ஜெயிச்சது யாரு? கனடாதானே.

ரீப்ளே_ரவி:
ஜெயிச்சாங்க, எப்படி ஜெயிச்சாங்க? எட்டு மேட்ச், நாலு வெற்றி, மூணு தோல்வி, ஒரு டிரா, கடைசி மேட்ச்ல 34 செகண்ட் மிச்சம் இருக்கும்போது பால் ஹெண்டர்சன் அடிச்ச கோல். அது இல்லன்னா? மாண்ட்ரியல்ல மொத மேட்ச் 7-3னு சோவியத் அடிச்சு தொவச்சப்ப, எட்டுக்கு எட்டு ஜெயிப்போம்னு பேசுனவங்க வாயே தொறக்கல. அப்புறம் 1979ல சேலஞ்ச் கப், நியூயார்க்ல மூணு மேட்ச், என்எச்எல் ஆல்ஸ்டார் டீம் கடைசி மேட்ச்ல சோவியத்கிட்ட 6-0ன்னு தோத்துச்சு. ஆறு பூஜ்யம்! மீக்கர் கத்துனதுல என்ன தப்பு.

அவரு சொன்னது ரொம்ப சிம்பிள், பசங்கள மேட்ச் மேட்ச்னு இழுத்துட்டுத் திரியுறாங்க, பிராக்டீஸ் கம்மி. மேட்ச்ல ஒரு பையன் ஸ்டிக்ல பக் இருக்குற நேரம் எவ்ளோன்னு நெனைக்கிறீங்க, ஒரு நிமிஷம் வந்தாலே அதிகம். பிராக்டீஸ்ல ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பக் போட்டு விட்டா மணிக்கணக்கா தொடுவான். சோவியத்காரன் அப்படித்தான் வளத்தான். இத தேசத்துக்கு எதிரான பேச்சுன்னு எடுத்துக்கிட்டா நம்ம என்ன செய்யிறது.

கல்யாணி_கே:
ஒரு நிமிஷ கணக்கெல்லாம் சரி. ஆனா ரசிக்கிறதுக்குன்னு மேட்ச் பாக்குறவனுக்கு ஒவ்வொரு பீரியட் முடிஞ்சதும் டியூஷன் எடுத்தா அலுக்கும். கோச்சா இருந்துட்டு ஹாக்கி நைட்ல இன்டர்மிஷன்ல பேச வந்த டான் செர்ரி ஏன் அவ்ளோ ஹிட் ஆனாருன்னு யோசிங்க.

லீஃப்ஸ்_வெறியன்:
செர்ரி ஹிட்டுதான், கலர் கலரா கோட்டு போட்டுக்கிட்டு 2019 நவம்பர் வரைக்கும் ஓட்டுனாரு, கடைசில புலம்பெயர்ந்தவங்களப் பத்தி, அவங்க போர்ல செத்தவங்க நினைவா சட்டைல பாப்பிப் பூ குத்துறதில்லன்னு பேசி வேலைய விட்டே தூக்குனாங்க. நம்மளையும் சேத்துத்தான் அந்தாளு சொன்னது, அத மறந்துராதீங்க. செர்ரி என்எச்எல்ல ஆடுனது ஒரே ஒரு பிளேஆஃப் மேட்ச். நான் அத வச்சு மட்டம் தட்டல, கோச்சா நல்லா செஞ்சவரு. ஆனா செர்ரி பேசுன அந்த நிகழ்ச்சிய பாத்துட்டு ஒருத்தன் ஹாக்கி கத்துக்கிட்டான்னு நான் கேள்விப்பட்டதே இல்ல. வடலி அண்ணை மேல சொன்னாரே, அது மாதிரி செர்ரியப் பத்தி ஒருத்தர் சொல்லட்டும் பாப்போம்.

வடலி:
செர்ரியை நானும் பாத்தனான், சிரிப்பன். அந்தக் கடைசி நாள் கதைச்சதுக்குப் பிறகு எங்கட வீட்டில ஒருத்தரும் பாக்கேல்ல. என்ர மகள் அப்ப ரிங்கில சின்னப் பிள்ளையளுக்குப் பழக்கிக்கொண்டு இருந்தவ, அவவுக்கு வந்த கோவம் சொல்லேலாது.

மீக்கர் கடைசிக் காலத்தில வன்கூவர் தீவில, பார்க்ஸ்வில் எண்ட இடத்தில இருந்தவர். கண் தெரியாத ஆக்களுக்கு வழிகாட்டி நாய் பழக்கிற அமைப்புக்குக் காசு சேர்த்துக் குடுத்தவர். 2020 நவம்பர் 8இல செத்தவர், 97 வயசு.

சும்மா_ஒருத்தன்:
அப்ப பெரிய ஹாக்கி ஆளுங்கள கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்காரா இல்லையா? ஒரு சைட்ல இருக்காருன்னும் இன்னொண்ணுல இல்லன்னும் போட்டிருக்கு

ரீப்ளே_ரவி:
ரெண்டும் சரி. பிளேயரா அவர எடுக்கல. 1998ல ஃபாஸ்டர் ஹியூவிட் மெமோரியல் அவார்டு குடுத்தாங்க, ஒளிபரப்பாளர்களுக்கு ஹால் ஆஃப் ஃபேம் வழியா தர்றது அது, பேரு அங்க பலகையில இருக்கும், ஆனா உறுப்பினர்னு எண்ண மாட்டாங்க. 2010ல ஆர்டர் ஆஃப் கனடாவும் வந்துச்சு, அது அரசாங்கம் தர்றது, ஹாக்கி ஆளுங்களோட கணக்குல வராது.

கல்யாணி_கே:
அப்ப நான் சொன்னதத்தான் அவங்களும் சொல்லிருக்காங்க. சுமாரான விங்கர், நல்ல வாத்தியார்.

லீஃப்ஸ்_வெறியன்:
கால்டர், நாலு கப், ஒரு ராத்திரில அஞ்சு கோல். இதுக்குப் பேரு சுமார்னா நான் சுமாராவே இருந்துட்டுப் போறேன்.

பனிக்கட்டி_பாலா:
சண்டைய விடுங்க. ஹாக்கி ஸ்கூல் பழைய எபிசோடு ரெண்டு பாத்துட்டேன், இப்ப என் பையன் ஹால்ல டென்னிஸ் பால வச்சு ஸ்டிக்கால தட்டிட்டு இருக்கான், கீழ் வீட்டுக்காரங்க மேல வந்துட்டாங்க. பேக்ஹேண்ட் சொல்லிக் குடுக்குற எபிசோடு லிங்க் யாருகிட்டயாவது இருந்தா போடுங்க, பேஸ்மெண்ட் இருக்குற பிரெண்டு வீட்டுக்கு அனுப்பிடுறேன்.